சாக்குச் சுற்றிய பானை

என் ஆசை மச்சான் சிவாவுக்கு,

நேற்று உன் இரண்டாவது வருசத் திதி நல்லபடியாக முடிந்தது. சாப்பாடு எப்படி இருந்தது? உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்று புஷ்பாவே ஒத்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் அவளை ஓட்டியிருப்பாய்.

இதையெல்லாம் உன் படத்துக்கு முன்னால் நின்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னது உன் பெண்டாட்டிதான். “நாலு பேருக்கு முன்னாலதான அவரப் பத்திப் பேசுனாங்க அண்ணே. நாலு பேருக்கு முன்னாலயே நீங்க சொல்லுங்க” என்றாள். என் தங்கச்சி புஷ்பா எப்போது இவ்வளவு அழுத்தக்காரியானாள் என்று தெரியவில்லை. உன்னோடு பத்து வருசம் குடும்பம் நடத்தியதில் வந்ததாக இருக்கும்.

ஆகவே, அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிய சிவாவை முன்பின் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். கூச்சப்படாதே. உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லப் போகிறேன். கெட்டதெல்லாம் என்னைப் பற்றியது.

போன வருசம், உன் முதல் திதிப் படையலைச் சாப்பிட்ட பதினொரு பேர் வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள். உன் மகள் தர்ஷி பிழைப்பாளா என்று ஒரு நாள் முழுக்க எங்களுக்குத் தெரியவில்லை. லயத்து வரிசை வீடுகளே சேர்ந்து பழியை உன் மேல் போட்டது. உன்னிடம் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். அன்று விடியும்போதே அடுப்பு மூட்டினோம். கோழி இரண்டு. நானே அறுத்து, நானே பலகையில் வைத்து வெட்டினேன். அந்தப் பலகையைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, அதன் மேலேயே வெங்காயமும் வெள்ளரிக்காயும் அரிந்து சம்பல் போட்டேன். முட்டையில் மஞ்சள் கரு ஒழுகாவிட்டால் நீ தட்டைத் தள்ளிவிடுவாய் என்று புஷ்பா மனசுக்குள் எண்ணி எண்ணி அரைவேக்காட்டில் இறக்கினாள். பத்து மணிக்கெல்லாம் உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு எல்லாம் வைத்தாயிற்று.

வழக்கமாகக் கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு, போனவர் வந்து சாப்பிடட்டும் என்று வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் பத்து நிமிசம் நிற்போம். அவ்வளவுதான். அன்றைக்குக் கற்பூரம் காட்ட வேண்டிய உன் தம்பி ரவி, கொழும்பிலிருந்து வருகிற வழியில் அகப்பட்டுக்கொண்டான். மழையில் மண் சரிந்து பஸ் அப்படியே நின்றுவிட்டது. “இந்தா வந்துட்டேன்” என்று அரை மணிக்கு ஒரு தரம் போன் எடுத்தான்.

இலை போட்ட பிறகு தம்பி வராமல் கதவைத் திறக்கக் கூடாது என்று அடுத்த காம்பரா வீட்டு வேலு அண்ணன் சொல்லிவிட்டார். ஆமாம், அவரேதான். அவர் கோழி உன் கரட் பாத்தியைக் கிளறியதிலிருந்து மூன்று வருசம் நீங்கள் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருந்தீர்களே. உன் திதிக்கு முதல் ஆளாக வந்து கதிரை போட்டு உட்கார்ந்து சட்டம் பேசினார்.

“கறி ஆறிப்போகுமே” என்றாள் புஷ்பா. அப்போதுதான் நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். இரண்டு சாக்கைக் கொண்டுவந்து கறிப் பானையை நன்றாகச் சுற்றி, உன் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். “இந்தக் குளிருக்கு என்னா கெட்டுப்போவப் போவுது? நம்ம தோட்டமே ஒரு பிரிட்ஜுதான்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெளியே மஞ்சு இறங்கி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் சால்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினோம். உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால், விளக்கு எரிந்தது. சாம்பிராணி புகைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. ரவி வந்து சேர்ந்து கதவைத் திறந்தபோது மணி மூன்று. காம்பரா வெதுவெதுவென்று இருந்தது. என் கண்ணாடியில் ஆவி படிந்தது. அதையும் பார்த்தேன், மச்சான். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு கொதி வைக்கலாம் என்று புஷ்பா பானையைத் தூக்கினாள். வேலு அண்ணன் எழுந்தே விட்டார். “அவன் வந்து தொட்ட சாப்பாட்ட மறுபடி அடுப்புல ஏத்துறதா? மண்ணுல வச்ச ஆள நெருப்புல வைக்கப் போறீங்களா?” அதற்கு மேல் எந்தப் பெண்டாட்டி பானையை அடுப்பில் வைப்பாள்? அவள் இறக்கிவிட்டாள்.

வாசத்தில் ஒன்றும் தெரியவில்லை. ருசியிலும் தெரியவில்லை. சொல்லப்போனால் அன்றைக்குக் கறி நன்றாகவே இருந்தது. உன் இலைச் சாப்பாடு பிள்ளைக்குத்தான் சேர வேண்டும் என்று தர்ஷிக்குக் கொடுத்தோம். இலையில் இருந்த இரண்டு முட்டையையும் அவளே சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் காய்ச்சல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும். மத்தியானத்துக்குள் வரிசையில் நாலு வீட்டில் இதே கதை. தண்ணீர் கொடுக்கக் கொடுக்க வெளியேதானே போகிறது என்று யாரோ சொல்ல, நாங்களும் தண்ணீரை நிறுத்தினோம். நிறுத்தியதும் நான்தான். பின்னேரம் அவள் அழுதபோது கண்ணில் தண்ணீர் வரவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது.

உன் லொறியில்தான் அவளைக் கொண்டுபோனோம். இப்போது ஓட்டுகிற பையன் கொழுந்தைப் பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டு வந்தான். உன் இருக்கையில் அவன், பக்கத்தில் நான், மடியில் அவள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஒரு துணிப் பொட்டலம் போலக் கிடந்தாள். அந்த வளைவுகளில் எல்லாம் உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போனேன். கேட்டதா?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மா கேட்ட முதல் கேள்வி, “புள்ள கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?” தண்ணீரை நிறுத்தியதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. “வெளிய போற அளவுக்கு உள்ள குடுத்துக்கிட்டே இருக்கணும்ங்க. உப்பும் சீனியும் சேத்த கரைசல், கரண்டி கரண்டியா. வாந்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டுட்டுத் திரும்பக் குடுக்கணும். ஓட்டம் கொல்லாது, தண்ணி வத்துறதுதான் புள்ளைங்களக் கொல்லும்” என்றார். கடையில் வாங்கிவந்த வயிற்றை நிறுத்தும் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதையும் பிடுங்கி எறிந்தார். சேலைன் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் அவள் ஒண்ணுக்குப் போனாள் என்று கேட்டு நானும் ரவியும் ஆஸ்பத்திரி வாசலில் கட்டிப்பிடித்து அழுதோம். இதைப் போய்ப் பத்திரிகையில் எழுதுகிறேன் பார்.

மலத்தைச் சோதித்ததில் சல்மொனெல்லா என்ற கிருமி என்று வந்தது. “பொம்பளப் புள்ள பேரு மாதிரி இருக்கு” என்றாள் புஷ்பா. அந்த நேரத்திலும்.

இனிமேல்தான் நான் சொல்லவந்த விசயம். பெரியவர்கள் வார்டில் வேலு அண்ணன் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், “சிவா மனசு ஆறல. புள்ளையக் கூப்பிட்டிருக்கான். என்னையுந்தான் கூப்பிட்டான், நான் போவல” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு வார்டு தாண்டி, லயம் தாண்டி, கடைசியில் தர்ஷி காதில் விழுந்தது. ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றிய கையோடு உன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அன்றிலிருந்து படுக்கை என் வீட்டில்.

ஏழு வயசுப் பிள்ளை, மச்சான். நீ லொறியை விட்டு இறங்குவதற்குள் ஓடிவந்து உன் கழுத்தில் தொங்கினவள். “மாமா, அப்பா திரும்பக் கூப்பிடுவாரா?” என்று கேட்டாள். “இல்லடி, படு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த வாரம் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சிங்களவர். நல்ல மனுசன். வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, தெரிந்த தமிழில் பேசினார். “செத்த ஆள் கோவம் இல்ல அண்ணே. கறி சூடு இல்ல. அதுதான்” என்று ஆரம்பித்தார். இந்தக் கிருமி கோழியின் குடலில் இருக்குமாம். இறைச்சியிலும் முட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருமாம். நன்றாக வெந்தால் செத்துப்போகும். அரைவேக்காட்டில் சாகாது. பச்சை இறைச்சி பட்ட பலகை, கத்தி, கரண்டி, கை எல்லாவற்றிலும் ஏறி, வெந்த சாப்பாட்டுக்கும் போய்ச் சேரும்.

“சாப்பாடு கொதிக்கக் கொதிக்க இருக்கணும். இல்லாட்டி பிரிட்ஜில ஜில்லுன்னு இருக்கணும். நடுவில வெதுவெதுப்பு இருக்கே, அது கிருமிக்கு மகுல் கெதர” என்றார். சிங்களத்தில் கல்யாண வீடு என்று அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள். “ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வெளிய வைக்க வேணாம். வச்சா வாசம் மாறாது. ருசி மாறாது. நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்க.”

பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார். “பானைய சாக்கில சுத்தினது யாரு?”

புஷ்பா என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் இருந்தாள். நானோ, செத்துப்போனவன்தானே, அவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்தேன். அதை நான் வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் அதுதான் என் மனசில் இருந்தது.

எனக்குத் தெரியாத விசயமா இது? இருபது வருசமாகத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை நிறுத்துப் பாரம் எடுக்கிறவன் நான். நீ சாக்கில் அமுக்கிக் கொண்டுவருகிற கொழுந்துக்குள் கையை விட்டால் சுடும். மஞ்சிலும் மழையிலும் வந்த கொழுந்துதான், ஆனாலும் உள்ளே தானாகச் சூடேறிச் சிவந்துபோயிருக்கும். “அமுக்காத, அமுக்காதன்னு எத்தன தரம்டா சொல்றது” என்று தினமும் உன்னோடு சண்டை பிடித்தவன், கறிப் பானையைச் சாக்கில் சுற்றிவிட்டு ஊர்க் குளிரை நம்பினேன்.

பரிசோதகர் சொன்னதைக் கேட்டுச் சிலர் தெளிந்தார்கள். சிலர், கிருமியும் உண்டு, சிவாவின் கோபமும் உண்டு என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். கோயில் திருவிழா முடிந்த வாரம் ஒரு யோசனை கிளம்பியது. அடுத்த தோட்டத்தில் ஒருவர் இருக்கிறாராம், அமைதியில்லாமல் அலைகிற ஆவிகளைக் கட்டிப்போடுவாராம். பிள்ளையின் நல்லதுக்காக அவரைக் கூட்டிவரலாம் என்று புஷ்பாவிடம் வந்து சொன்னார்கள்.

அன்று பின்னேரம் தர்ஷி என் வீட்டு இஸ்தோப்பில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள். “மாமா, அப்பாவக் கட்டிப்போட்டுட்டா நான் எங்க வீட்டுல படுக்கலாமா?”

சிவா, உன் மகள், உன்னைக் கட்டிப்போடச் சொல்லிக் கேட்கிறாள். நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் கிடைத்தது இதுதான்.

“அப்பா ஒன்னையக் கூப்பிடவே இல்லடி” என்றேன்.

“வேலு பெரியப்பாவ?”

“அவரையும் கூப்பிடல.”

“ஆமால்ல. அப்பா அவரோட பேசவே மாட்டாரே. எதுக்குக் கூப்பிடப் போறாரு?” என்று தானாகவே சொன்னாள். இத்தனை பெரியவர்களுக்குத் தோன்றாதது. சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் அவள் விடவில்லை. “அப்ப எனக்கு யாரு காய்ச்சல் வருத்தம் குடுத்தா?”

கிருமி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் சொன்னேன். பலகையைச் சொன்னேன். அரைவேக்காட்டு முட்டையைச் சொன்னேன். சாக்கைச் சொன்னேன். குளிரில் கெட்டுப்போகாது என்று சொன்ன வாய் எது என்று சொன்னேன். தண்ணீரை நிறுத்தினதையும் சொன்னேன்.

“நீங்களா மாமா?” என்றாள். கொப்பியை மூடினாள். பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து உன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் புஷ்பா போன் எடுத்தாள். தர்ஷி கதிரை போட்டு ஏறி உன் படத்தைத் திருப்பி, பள்ளிக்கூடச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிறாளாம். ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். எனக்கு வலித்தது. ஆனால் அந்த ஒன்பது நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன், மச்சான். பிள்ளையின் கோபம் ஒருவழியாகச் சரியான ஆளிடம் வந்து சேர்ந்திருந்தது.

தர்ஷியிடம் சொன்ன மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பிரிவதற்கு முன், எல்லாரிடமும் சொன்னேன். வேலு அண்ணன்தான் முண்டாசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “சூடு பண்ண விடாதது நான்தான்ப்பா. அதையும் சேத்துச் சொல்லு” என்றார். நீ அவரோடு கோபமாக இருந்தது போதும் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறாய்?

இப்போது நீ வந்து பார்த்தால் சிரிப்பாய். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு வலைப் பைக்குள் சவர்க்காரம் தொங்குகிறது. கட்டினது வேலு அண்ணன். கக்கூசுக்குப் போய் வந்தவன் கை கழுவாமல் தாண்டினால் அவரிடமிருந்து தப்ப முடியாது. சுகமான பிறகும் சில வாரம் கிருமி வயிற்றிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கும் என்று பரிசோதகர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். கோழிகளையும் அடைத்து வளர்க்கிறார். உனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

நேற்றுப் படையலுக்கு ரவி முதல் நாளே வந்துவிட்டான். இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. முட்டையை நன்றாக வேகவைத்தோம். மஞ்சள் கரு கல்லு மாதிரி இருந்திருக்கும், திட்டிக்கொள். கறிப் பானையை அடுப்பை விட்டு இறக்கவே இல்லை. கொதிக்கக் கொதிக்க உன் இலைக்கு மட்டும் எடுத்து வைத்தோம். கதவு சாத்தியது பத்தே நிமிசம்.

பரிமாறியது தர்ஷி. நான் செய்கிறேன் என்று அவளே சொன்னாள். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, எனக்கு மூக்கருகில் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். சோறு வைத்தாள். கறி ஊற்றினாள். ஆவி பறந்தது. நாங்கள் எல்லாரும் வெளியே வந்த பிறகும் அவள் வரவில்லை. கூப்பிடலாம் என்று எட்டிப் பார்த்தேன். உன் படத்துக்குக் கிட்டே குனிந்து, மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ரொம்பச் சுடுது. ஊதி ஊதிச் சாப்பிடுங்க.”

நான் தலையை இழுத்துக்கொண்டேன். அது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள பேச்சு.

இனி உன் பேரில் யாராவது ஒரு சொல் சொன்னால், எழுந்து நிற்கிற முதல் ஆள் நானாக இருப்பேன். என் பிழையை நீ சுமக்க இன்னொரு தரம் விடமாட்டேன். இது சத்தியம்.

உன் பிள்ளையை உன்னிடமே திருப்பிச் சேர்த்துவிட்ட,
உன் பெண்டாட்டியின் அண்ணன்,
தர்ஷியின் மாமா,
உன் மச்சான்.